ஒன்பது குதிரை ஆழம்! கண்டிக்கோட்டா போலாமா?

குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரைக்கு முன்னாடி நின்னு அண்ணாந்து பார்த்திருக்கீங்கதானே? மாசி மகத்தன்னைக்குக் காகிதப்பூ மாலை குவிஞ்சு, குதிரையோட முகம்கூடத் தெரியாது. உயரம் 33 அடி. அந்தக் குதிரை மேல இன்னொரு குதிரை, அதுக்கு மேல இன்னொண்ணு... இப்படி ஒன்பது குதிரையை மனசுக்குள்ள அடுக்குங்க. ஒன்பதாவது குதிரையின் காது எட்டுகிற உயரத்துக்குச் செங்குத்தா, செவசெவன்னு ஒரு பாறைச் சுவர். எதிர்ல அதே மாதிரி இன்னொரு சுவர். நடுவுல ஒரு ஆறு.

அதுதான் கண்டிக்கோட்டா. ஆந்திராவில், கடப்பா மாவட்டத்தில், ஜம்மலமடுகு ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெலுங்கில் ‘கண்டி’ என்றால் மலைச்சந்து. சந்துக்கு மேல கோட்டை, அதனால கண்டிக்கோட்டா. சிம்பிள்!

நமக்கு மலைன்னாலே ஒரு ஏக்கம் உண்டு. கீரமங்கலம், செரியலூர், பனங்குளம், கொத்தமங்கலம்... எந்த ஊர் மொட்டைமாடியில ஏறி நின்னாலும் நாலு பக்கமும் தென்னை, பலா, பூந்தோட்டம். தரை அப்படியே பலகை போட்ட மாதிரி. அதனாலதான் காலேஜ் டூர்னா கொடைக்கானல், ஊட்டி, மிஞ்சிப்போனா மூணாறு. பச்சையைப் பார்க்கப் பச்சையிலிருந்தே கிளம்பிப் போறோம். ஒரு தடவை உல்ட்டாவா போய்ப் பாருங்களேன். மரமே இல்லாத, கல்லும் முள்ளும் வெயிலுமா கிடக்கிற ஒரு பூமிக்கு. ராயலசீமா அப்படிப்பட்டது. பக்கத்து அனந்தப்பூர் மாவட்டம், ராஜஸ்தானின் மேற்குக் கோடிக்கு அடுத்தபடியா நாட்டிலேயே மழை ரொம்பக் குறைவா பெய்கிற இடங்களில் ஒண்ணு. பாலைவனம்னு பாடப்புத்தகம் சொல்லாது. மே மாசம் போய் நின்னா நீங்களே சொல்லுவீங்க.

அமெரிக்காவும் வேணாம், விசாவும் வேணாம்

‘இந்தியாவின் கிராண்ட் கேன்யன்’னு இதுக்குப் பட்டப்பேர். இதை நம்பிப் போய் ஏமாறாதீங்க. அமெரிக்காவின் அரிசோனாவில் கொலராடோ ஆறு வெட்டிய அசல் கிராண்ட் கேன்யனின் நீளம் 446 கிலோமீட்டர். ஆழம் ஒண்ணரை கிலோமீட்டருக்கு மேல். அகலம் சில இடங்கள்ல 29 கிலோமீட்டர். அதாவது இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு, கீரமங்கலத்துல இருந்து அறந்தாங்கியையும் தாண்டிப் போற தூரம். நம்ம கண்டிக்கோட்டா அந்தக் கணக்குல ஒரு குட்டி வாய்க்கால். ஆழம் 300 அடி வாக்கில். கரைக்குக் கரை ஒரு கூப்பிடு தூரம்.

ஆனா அளவுல தம்பின்னாலும் வயசுல இது தாத்தா. கிராண்ட் கேன்யனின் மேல் விளிம்பில், டூரிஸ்ட் எல்லாம் நின்னு போட்டோ எடுக்கிற சுண்ணாம்புப் பாறைக்கு வயசு 27 கோடி வருஷம். கண்டிக்கோட்டாவில் நீங்க செருப்பு போட்டு மிதிக்கிற பாறை, குறைஞ்சது நூறு கோடி வருஷம் பழசு. பூமியில மீன் கிடையாது, புல் கிடையாது, பூச்சி கிடையாது. அப்போ ஒரு ஆழமில்லாத கடலோட அடியில படிஞ்ச மணல்தான் இறுகி, வெந்து, கண்ணாடி மாதிரி கெட்டியான குவார்ட்சைட் பாறையாச்சு. நூறு கோடி வருஷத்துக்கு முந்தின மணல்ல உட்கார்ந்துதான் நீங்க சிப்ஸ் சாப்பிடப் போறீங்க!

அவ்வளவு கெட்டிப் பாறையை ஆறு எப்படி வெட்டிச்சு? தண்ணி மட்டும் வெட்டாது. வெள்ளத்துல வர்ற மணலும் கூழாங்கல்லும்தான் ரம்பம், தண்ணி அந்த ரம்பத்தை இழுக்கிற கை. இங்கே பாறை, புத்தகம் அடுக்கின மாதிரி கிடையா அடுக்கடுக்காக இருக்கிறது. குறுக்கே செங்குத்தாக விரிசல்கள். அடியில ஆறு அரிச்சதும் மேல இருக்கிற கல், விரிசல் வழியா அப்படியே கட்டம் கட்டமா பிஞ்சு விழும். அதனாலதான் சுவர் சாய்வா இல்லாம, கொத்தனார் தூக்குக்குண்டு போட்டுக் கட்டின மாதிரி நிக்குது. தூரத்துல இருந்து பார்த்தா, மனுஷன் கட்டின கோட்டைச் சுவர் எங்க முடியுது, ஆறு கட்டின சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னு குழப்பம் வரும். ரெண்டும் ஒரே கல்லுதானே!

இந்த மலைத்தொடருக்குப் பேர் எர்ரமலா. தெலுங்கில் ‘எர்ர’ன்னா சிவப்பு. செம்மலைன்னு வச்சுக்கலாம்.

அந்த ஆறு நமக்குச் சொந்தக்காரன்

ஆற்றின் பேர் பென்னாறு. பேரைக் கேட்டதும் நம்ம தென்பெண்ணை ஞாபகம் வருதா? வரணும். ரெண்டும் கர்நாடகாவில் ஒரே நந்தி மலைப் பகுதியில்தான் பிறக்கின்றன. ஒண்ணு தெற்கே இறங்கி கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வழியாகக் கடலூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறது. இன்னொண்ணு வடக்கே ஏறி, அனந்தப்பூர் போய், கிழக்கே திரும்பி, இந்த மலையை அறுத்துக்கிட்டு நெல்லூர்ப் பக்கம் கடலில் சேர்கிறது. மொத்தம் 597 கிலோமீட்டர்.

சென்னையில ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற மக்களே, உங்களுக்கு இன்னும் நெருங்கின சொந்தம். கண்டிக்கோட்டாவைத் தாண்டின பென்னாறு கீழே போய் சோமசிலா அணையில் நிற்கிறது. தெலுங்கு கங்கைத் திட்டத்தில் கிருஷ்ணா தண்ணீர் வந்து சேர்றதும் அந்த அணைக்குத்தான். அங்கிருந்து கண்டலேறு, அங்கிருந்து பூண்டி. 1996ல் இருந்து சென்னை குடிக்கிற தண்ணியில இந்த ஆத்துக்கும் பங்கு உண்டு.

கிளம்பலாமா?

புதுக்கோட்டையில ராத்திரி ரயில் பிடிச்சா காலையில சென்னை. சென்னையில இருந்து மும்பை போகிற பாதையில ரேணிகுண்டா தாண்டி கடப்பா, அதுக்கடுத்து எர்ரகுண்ட்லா. கண்டிக்கோட்டாவுக்குக் கிட்டத்துல முத்தனூர்னு ஒரு ஸ்டேஷன் உண்டு. ஆனா எல்லா ரயிலும் அங்கே நிக்காது. கடப்பாவிலேயே இறங்கி, பஸ்ஸில் ஜம்மலமடுகு போறது தொந்தரவில்லாத வழி. அங்கிருந்து கோட்டை 15 கிலோமீட்டர். பஸ் எப்பவாவதுதான் வரும். நாலஞ்சு பேரா சேர்ந்து ஆட்டோ பேசிக்குங்க. தெலுங்கு தெரியாதேன்னு பயப்படாதீங்க. சினிமா பார்த்தே பாதி தெலுங்கு நமக்கு வந்திருக்கும். ‘நீள்ளு’ன்னா தண்ணி. இந்த ஒரு வார்த்தையை மட்டும் மறக்காதீங்க.

நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரை போங்க. மத்த மாசத்துல போறவங்களை யாரும் தடுக்கப் போறதில்ல. ஆனா அந்தப் பாறை வெயிலைக் குடிச்சு, சாயங்காலம் வரை திருப்பித் துப்பும். ஆந்திர சுற்றுலாத் துறையின் ஹரிதா ஹோட்டல் கோட்டைக்குக் கொஞ்சம் முன்னாடியே இருக்கு. சனி, ஞாயிறுன்னா பெங்களூர் ஐ.டி. கூட்டம் மொத்தமா வந்து இறங்கிடும். வார நாள்ல போனா கோட்டையே உங்களுக்குத்தான். பொண்ணுங்க செட்டா போறதா இருந்தா, முன்கூட்டியே ரூம் புக் பண்ணிட்டு, ஜம்மலமடுகுல இருந்து பொழுதோட கிளம்பிடுங்க. இருட்டினப்புறம் அந்த ரோட்டுல வண்டி கிடைக்காது.

சாப்பாடு? ராகி சங்கட்டி. அட, நம்ம கேப்பைக் களிதான்! நாட்டுக்கோழிக் குழம்போ, புளிச்சக்கீரை மசியலோ வச்சுத் தருவாங்க. காலையில காரம் தோசை. அந்தச் சிவப்புச் சட்னியோட மோதி ஜெயிச்சவங்க எங்க செட்டுல ஒருத்தரும் இல்ல.

கோட்டைக்குள்ள ஒரு ஊர்

பெரிய பெரிய ஆணி அடிச்ச கதவைத் தாண்டி உள்ளே போனா, முதல் ஆச்சரியம், கோட்டைக்குள்ளேயே ஜனங்க குடியிருக்காங்க. ஆடு மேயுது, திண்ணையில பெரியவங்க உட்கார்ந்திருக்காங்க. பாழடைஞ்ச கோட்டைன்னு நினைச்சுக்கிட்டு சத்தம் போட்டுக்கிட்டு போகாதீங்க. அது அவங்க தெரு.

கல்யாணிச் சாளுக்கியர்களுக்குக் கீழே இருந்த காகராஜா 1123ல் இங்கே முதல் கோட்டையைப் போட்டதாகச் சொல்கிறார்கள். விஜயநகர காலத்தில் பெம்மசானி நாயக்கர்கள் கையில் இருந்து, அப்போதுதான் பெரிதானது. மாதவராயர் கோயில் கோபுரத்தைப் பார்த்தா, அட, நம்ம ஊர் கோபுரம் மாதிரியே இருக்கேன்னு தோணும். ஒரு காலத்தில் ஒரே ராஜ்ஜியம்தானே! ரங்கநாதர் கோயில், ஜாமியா மசூதி, வளைவுக்கூரை போட்ட தானியக் கிடங்கு, ஜெயில், புறாக்கூண்டு கோபுரம், குளம் எல்லாம் நடந்து போற தூரத்துலதான். கோயிலுக்கும் மசூதிக்கும் நடுவுல ரெண்டு நிமிஷ நடை. வரலாறு ஸ்டூடண்ட்ஸ் ஒரு நாள் முழுக்க இங்கேயே உட்கார்ந்துடலாம். மத்தவங்களுக்கு ஒரு மணி நேரம் போதும்.

ஒரு கதை மட்டும் கேட்டுட்டுப் போங்க. 1650 வாக்கில் கோல்கொண்டா சுல்தானின் தளபதி மீர் ஜும்லா இந்தக் கோட்டையைப் பிடித்தான். 1652ல் டாவர்னியர் என்ற பிரெஞ்சு வைர வியாபாரி அவனைப் பார்க்க இங்கே வந்தார். மலைவிளிம்பில் வெட்டின ஒரே வழி, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், அதைப் பார்த்து அவரே ஆடிப்போனார். பயணக்குறிப்பில் அவர் எழுதிய ஒரு விஷயம் சுவாரஸ்யம். பீரங்கி வார்ப்பதற்காக மீர் ஜும்லா சுற்றுவட்டாரக் கோயில்களின் செம்பு விக்கிரகங்களை எல்லாம் கொண்டுவரச் செய்தானாம். அதற்கென்றே ஒரு பிரெஞ்சுக்காரனை வைத்திருந்தான். எல்லாம் உருகிவிட்டன. கண்டிக்கோட்டா கோயில் விக்கிரகங்கள் ஆறு மட்டும் என்ன செய்தும் உருகவில்லை. அர்ச்சகர்கள் மந்திரம் போட்டுவிட்டார்கள் என்று மிரட்டிப் பார்த்தும் நடக்கவில்லை. உலோகக் கலவையின் வேலையா, உலைக்காரன் கைவேலையா, நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

விளிம்புக்குப் போகலாம்

மசூதியைத் தாண்டினா பாதை முடிஞ்சுபோகும். அப்புறம் பாறை, பாறை, பாறைதான். லாரி சைஸ், பஸ் சைஸ், சின்ன வீடு சைஸ். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, சந்துல நுழைஞ்சு, கையை ஊன்றித் தாவி ஒரு அரை மணி நேரம் போனா, திடீர்னு முன்னால ஒண்ணுமே இருக்காது. தரை நின்னுபோயிருக்கும். கீழே பச்சையா ஒரு கோடு. அதுதான் ஆறு. உங்களுக்குக் கீழே பருந்து பறக்கும். பருந்தோட முதுகைப் பார்த்திருக்கீங்களா? அங்கே பார்க்கலாம்.

சூரியன் வர்றதுக்கு முன்னாடியே போய் உட்காரணும். நமக்கு அது கஷ்டமே இல்லை. விடியுமுன்ன தலையில லைட்டைக் கட்டிக்கிட்டு மல்லிகை பறிக்கப் போற ஊர்க்காரங்களுக்கு நாலரை மணி எழுந்திரிக்கிறது என்ன புதுசா? வெளிச்சம் முதல்ல எதிர்ச்சுவரோட தலையைத் தொடும். அப்புறம் ஒவ்வொரு அடுக்கா கீழே இறங்கும். கறுப்பு, ஊதா, செங்கல் நிறம், கடைசியில செம்பு. பேச வராது. பேசாதீங்க.

இப்போ சீரியஸா நாலு வார்த்தை. அந்த விளிம்புல கம்பி கிடையாது, தடுப்பு கிடையாது, வாட்ச்மேன் கிடையாது. குவார்ட்சைட் தேய்ஞ்ச இடத்துல வழவழன்னு இருக்கும். பனி விழுந்த காலையில சோப்புதான். செருப்பைக் கழட்டிட்டு நல்ல பிடிப்புள்ள ஷூ போடுங்க. விளிம்புல இருந்து ஒரு ஆள் உயரம் தள்ளியே நில்லுங்க. போன்ல முகத்தைப் பார்த்துக்கிட்டே பின்னால நடக்கிறவனைக் கையைப் பிடிச்சு இழுத்து உட்கார வைங்க. கோவிச்சுக்கிட்டா பரவாயில்லை. கீழே இறங்க ஒரு பாதை உண்டு. ஊர்க்காரர் ஒருத்தரோட போங்க. இறங்கினவங்க தண்ணியில குதிக்காதீங்க. கீழ்ப்புறம் மயிலவரம் அணையோட தண்ணி தேங்கி நிக்கிற இடம் அது. நம்ம குளம் மாதிரி படிப்படியா ஆழமாகாது. பாறை முடிஞ்ச இடத்துல நேரா ஆழம்தான். ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணி, ஒரு தொப்பி, ரெண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்., ஒரு டார்ச். குரங்குக்குத் தெரியாம பிஸ்கட்.

ஒரு கணக்கு போடுவோமா?

அந்த விளிம்புல உட்கார்ந்திருந்தப்போ எங்க கூட வந்த பையன் ஒருத்தன் சாதாரணமா ஒண்ணு கேட்டான். ‘இது எத்தனை அடி?’ ‘300’ன்னு சொன்னோம். ‘எங்க தோட்டத்து போர் இதைவிட ஆழம்டா’ன்னான்.

யாரும் சிரிக்கல. ஏன்னா அது உண்மை. கீரமங்கலம் சுத்துவட்டாரத்துல இன்னைக்கு போர் போடறவங்க 600 அடி, 800 அடின்னு இறக்குறாங்க. கண்டிக்கோட்டாவின் விளிம்பில் இருந்து பூமிக்குள்ள குழாயை விட்டா, ஆத்துத் தண்ணியைத் தொட 300 அடி. நம்ம ஊர் மோட்டார் அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல கீழே போய்த் தண்ணியைத் தேடுது. அந்த ஒன்பது குதிரை, அதுக்குக் கீழே இன்னொரு ஒன்பது குதிரை. அதுக்கும் கீழே. தாத்தாகிட்ட கேளுங்க, கமலை கட்டி இறைச்ச கிணறு எத்தனை அடி இருந்ததுன்னு. பென்னாறு 300 அடி இறங்க எடுத்துக்கிட்ட காலத்தை லட்சக்கணக்குலதான் எண்ணணும். நாம கமலையில இருந்து கம்ப்ரசருக்கும், அங்கிருந்து நீர்மூழ்கி மோட்டாருக்கும் இறங்கினது ரெண்டு தலைமுறையில.

அந்தக் குதிரை நிக்கிற வில்லுனி ஆத்தங்கரையை அடுத்த தடவை போறப்போ ஒரு பார்வை பாருங்க. வருஷத்துல எத்தனை நாள் தண்ணி ஓடுதுன்னு எண்ணிக்கூடச் சொல்லிடலாம். மழையைப் பொறுத்தவரை ராயலசீமாக்காரனைவிட நாம கொடுத்துவச்சவங்க. ஆனா அவன்தான் ஒவ்வொரு குளத்துக்கும் பேர் சொல்றான்.

கண்டிக்கோட்டாவில் தண்ணி இப்போ நிறையவே தெரியும். அதுக்கும் ஒரு விலை இருக்கு. கோட்டைக்கு மேல்புறம் பென்னாத்துக்குக் குறுக்கே கண்டிக்கோட்டா அணை கட்டியிருக்காங்க. கொள்ளளவு 26.85 டி.எம்.சி. ஸ்ரீசைலத்தில் இருந்து கிருஷ்ணாவின் வெள்ளத் தண்ணியைக் கால்வாய் வழியா இங்கே கொண்டுவந்து நிரப்புறாங்க. காய்ஞ்ச பூமிக்கு அது வரம்தான், மறுக்கவே முடியாது. 2020ல் நீர்மட்டத்தை உயர்த்தினப்போ, தாள்ளப்ரொத்துட்டூர்ங்கிற கிராமத்து வீடுகளுக்குள்ள தண்ணி ஏறிச்சு. இழப்பீடும் மாத்து வீடும் முழுசா வந்து சேரலைன்னு ஜனங்க போராடிக்கிட்டிருக்கும்போதே ஏறிச்சு. கஜா புயல் ராத்திரி, 2018 நவம்பர் 16, நம்ம தென்னையெல்லாம் சாய்ஞ்சு கிடந்ததைப் பார்த்தவங்களுக்கு, கண்ணு முன்னால ஊர் போறதுன்னா என்னன்னு விளக்க வேணாம். பள்ளத்தாக்குல பச்சையா மின்னுற தண்ணியை போட்டோ எடுக்கிறப்போ, அந்தப் பச்சைக்கு அடியில யாரோட வாசல்படியோ இருக்கலாம்.

திரும்புறதுக்கு முன்னாடி ஒரு குகை

ஒரு நாள் மிச்சமிருந்தா பேலம் குகைக்குப் போங்க. கண்டிக்கோட்டாவில் இருந்து 60 கிலோமீட்டர் வாக்கில், இப்போ நந்தியால் மாவட்டத்தில் வருது. இது குவார்ட்சைட் இல்லை, சுண்ணாம்புக் கல். உங்க வீட்டு அடுப்படி மேடையிலயும் அலமாரித் தட்டுலயும் கறுப்பா ஒரு கல் இருக்கே, கடப்பா கல், அது இந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்தான். அதோட சொந்த ஊருக்குள்ளதான் நீங்க நடக்கப் போறீங்க.

1884ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தக் குகையைப் பற்றி எழுதினார். 1863ல் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கோடரியைக் கண்டுபிடித்தாரே, அதே மனுஷன்தான். அப்புறம் நூறு வருஷம் யாரும் கண்டுக்கல. ஊர்க் குப்பையைக்கூட உள்ளே கொட்டியிருக்காங்க. 1982, 83ல் ஜெர்மானியரான டேனியல் கெபாவர் தலைமையில் ஒரு குழு தவழ்ந்து தவழ்ந்து அளந்தது. மொத்த நீளம் 3,229 மீட்டர். 2002ல் பொதுமக்களுக்குத் திறந்தாங்க. ஒரு கூடத்துல சுண்ணாம்புத் தொங்கல்களைத் தட்டினா ஸ்வரம் கேட்கும். நம்ம கோயில் இசைத்தூண் மாதிரி. ஆனா இதைச் செதுக்கினது சொட்டுச் சொட்டா தண்ணிதான். உள்ளே புழுக்கம் ஆளைக் கொல்லும். சட்டையைப் பிழிஞ்சு காயப்போடலாம். மூச்சுக்கோளாறு இருக்கிறவங்க வாசல்லயே உட்கார்ந்துக்குங்க.

படியில இறங்கிக்கிட்டே போனா, தரைமட்டத்துல இருந்து 150 அடி ஆழத்துல, குகையோட அடிமட்டத்துல ஒரு சின்ன ஓடை. வருஷம் முழுக்க வத்தாது. பாதாளகங்கைன்னு பேர். எங்கிருந்தோ வந்து, உங்க காலடியில கொஞ்ச தூரம் ஓடி, பாறைச் சந்துல நுழைஞ்சு காணாம போயிடும். அது எங்கே போகுதுன்னு கேட்டா, ரெண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பேலம் ஊர்க் கிணத்துக்குன்னு அங்கே இருக்கிறவங்க கையைக் காட்டுவாங்க. பஸ்ஸுக்கு நேரமிருந்தா ஊருக்குள்ள நடந்து போய் அந்தக் கிணத்தையும் எட்டிப் பார்த்துட்டு வாங்க.